டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு கணக்கு

"காய்ச்சல்தானே, டாக்டருக்கு எதுக்குக் காசு? மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கினால் போதும்." பழனியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சுகர், பிரஷர் உள்ள பெரியவர்கள், ஃபீஸை மிச்சப்படுத்துவதாக நினைத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதும் உண்டு. உண்மையில் டாக்டர் ஃபீஸ் மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான். எதற்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்தால், எதைக் குறைக்கலாம் என்பதும் தெரியும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஆயக்குடியிலிருந்து ஒருவர் தம் அம்மாவைப் பழனிக்கு அழைத்து வருகிறார்.

டாக்டர் ஃபீஸ்: 200 ரூபாய்
பஸ் (மகனுக்கு மட்டும், போக வர): 20
ரத்தப் பரிசோதனை: 300
ஐந்து நாள் மருந்து: 250
அரை நாள் கூலி இழப்பு: 350
மொத்தம்: 1,120 ரூபாய்

இதில் ஃபீஸ் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், அம்மாவுக்குப் பஸ் செலவு சேரவில்லை.

கேட்க வேண்டியவை

ஃபீஸ் எவ்வளவு என்று டோக்கன் போடும்போதே கேளுங்கள். கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. எனவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். மறுமுறை வந்தால் எத்தனை நாளுக்குள் ஃபீஸ் இல்லை என்பதையும் கேளுங்கள்.

டெஸ்ட் எழுதினால், "இன்றே எடுக்க வேண்டுமா, மருந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுக்கலாமா?" என்று டாக்டரிடமே கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே பையில் கொண்டு போனால், அதே டெஸ்ட்டை மறுபடியும் எடுப்பதைத் தவிர்க்கலாம்.

மருந்தை மூலப்பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

இலவசமாகக் கிடைப்பவை

பழனி அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் டாக்டரைப் பார்ப்பதற்கும் அங்கே தரும் மருந்துக்கும் காசு இல்லை. காத்திருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுகர், பிரஷர் நோயாளிகளுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே மாத்திரை தருகிறது. மாதாமாதம் ஃபீஸுக்கும் மருந்துக்கும் 600 ரூபாய் செலவழிக்கும் குடும்பத்துக்கு, இதனால் வருடத்துக்கு 7,200 ரூபாய் வரை மிச்சமாகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் பெரிய சிகிச்சைக்கானது. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கும் ஃபீஸ் அதில் வராது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குழந்தைக்கு வலிப்பு என்றால் எந்தக் கணக்கும் பார்க்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. மற்ற நேரங்களில் மேலே உள்ள ஐந்து வரிகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சிக்கனம் எதில் செய்யலாம், எதில் கூடாது என்பதை அதுவே காட்டிவிடும்.