ரோமா பெண்களுக்குக் கருத்தடை பிடிக்காதா? எண்கள் சொல்வது வேறு

ஐரோப்பாவின் மிகப்பெரிய சிறுபான்மை இனம் ரோமா. சுமார் 1 கோடி பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து கிளம்பியவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். 'ஜிப்சி' என்ற பெயரை இவர்களில் பலர் வசைச்சொல்லாகவே பார்க்கிறார்கள்.

ரோமா குடும்பம்னாலே நிறைய குழந்தைகள், கருத்தடையே அவங்களுக்கு ஆகாது என்பது ஐரோப்பாவில் பரவலான பேச்சு. அது உண்மையா?

எண்கள் என்ன சொல்கின்றன?

செர்பியாவில் அரசு புள்ளியியல் அலுவலகமும் யூனிசெஃபும் சேர்ந்து, ரோமா குடியிருப்புகளில் தனியாகக் கணக்கெடுப்பு நடத்துகின்றன. 2019 கணக்கெடுப்பில், திருமணமான அல்லது துணையுடன் வாழும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கர்ப்பத்தைத் தவிர்க்க ஏதோ ஒரு முறையைப் பின்பற்றுவதாகச் சொன்னார்கள். ஆனால் மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி போன்ற நவீன முறைகளைப் பயன்படுத்துவோர் 100-க்கு 10 பேர்கூட இல்லை.

இந்த இடைவெளிதான் முக்கியம். குழந்தை எப்போது, எத்தனை என்று இந்தப் பெண்கள் யோசிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கைகொடுப்பது, விந்து வெளியேறும் முன் ஆண் விலகிக்கொள்ளும் முறை. அதை நம்பியிருக்கும் 100 பெண்களில் சுமார் 20 பேர் ஓராண்டுக்குள் கர்ப்பமாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டுப்பாடும் பெண் கையில் இல்லை.

நவீன முறைகள் ஏன் எட்டவில்லை?

காரணம் ஒன்றல்ல. முதலாவது, இளவயதுத் திருமணம். அதே கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுள்ள ரோமா பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணமாகியிருந்தது. அந்த வயதில் மாமியார் வீட்டில் இருக்கும் பெண் இதைப் பற்றி வாய் திறப்பது கஷ்டம். இரண்டாவது, பணம். ஸ்லோவாக்கியாவில் கர்ப்பத்தைத் தவிர்க்க மட்டும் வாங்கும் மாத்திரைக்குப் பொது மருத்துவக் காப்பீடு பணம் தருவதில்லை.

மூன்றாவது, ஆஸ்பத்திரி மீதான பயம். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

கம்யூனிஸ்ட் ஆட்சிக்கால செக்கோஸ்லோவாக்கியாவில், கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்ள ரோமா பெண்களுக்கு அதிகாரிகள் ஊக்கத்தொகையைக் காட்டி அழுத்தம் கொடுத்தார்கள். ஆட்சி மாறிய பிறகும், சம்மதமில்லாத அறுவை சிகிச்சைகள் நிற்கவில்லை.

2000-ல் ஸ்லோவாக்கியாவில் 20 வயதுப் பெண் ஒருவரிடம், பிரசவ வலியின் நடுவே கையெழுத்து வாங்கினார்கள். சிசேரியனோடு சேர்த்து அவருக்குக் கருத்தடையும் செய்யப்பட்டது. மருத்துவப் பதிவேட்டில் அவர் ரோமா என்பதும் எழுதப்பட்டிருந்தது.

2001-ல் ஹங்கேரியில், ஆம்புலன்ஸில் வந்த ஒரு ரோமா பெண்ணுக்கு, வந்த 17 நிமிடங்களுக்குள் இரண்டு அறுவை சிகிச்சைகளும் முடிந்திருந்தன. கருத்தடைக்கான சொல் படிவத்தில் லத்தீனில் இருந்தது. அடுத்த குழந்தைக்கு எப்போது முயற்சி செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டபோதுதான், நடந்தது என்னவென்றே அவருக்குத் தெரிந்தது.

நீதி கிடைத்ததா?

ஓரளவு. ஹங்கேரி பெண்ணின் உரிமை மீறப்பட்டதாக 2006-ல் ஐ.நா. குழு சொன்னது. ஸ்லோவாக்கியப் பெண்ணுக்கு 31,000 யூரோ இழப்பீடு வழங்க ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011-ல் உத்தரவிட்டது. ஆனால் இனப் பாகுபாடு என்ற புகாரை அது தனியாக ஆராயவில்லை.

செக் குடியரசு 2021-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1966 முதல் 2012 வரை சட்டவிரோதமாகக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் தலா 3 லட்சம் கொருனா கோர அது வழிசெய்தது. ஆனால் பல ஆஸ்பத்திரிகளின் பழைய பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டதால், நடந்ததை நிரூபிப்பதே பலருக்குப் போராட்டமாகிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்லோவாக்கிய அரசு மன்னிப்புக் கேட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது?

ரோமா என்பது ஒரே மாதிரியான சமூகம் அல்ல. நாடு, மதம், படிப்பு, ஊர் எல்லாவற்றையும் பொறுத்துப் பழக்கங்கள் மாறும். அதனால் நவீன முறைகளின் பயன்பாடு குறைவு என்ற ஒரு எண்ணைப் பார்த்ததும், அவங்க கலாச்சாரமே அப்படித்தான் என்று முடித்துவிட முடியாது. மாத்திரை அவர்கள் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறதா, அதைத் தரும் டாக்டரை அவர்கள் நம்ப முடிகிறதா என்றும் கேட்க வேண்டும். வேண்டாம் என்பதும், கிடைக்கவில்லை என்பதும் அட்டவணையில் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.