செக்கடியில் ஒரு சீடர்

கணியூரில் ஒரு கடையில் மரச்செக்கு எண்ணெயின் விலையைக் கேட்டு மலைத்துப் போனேன். மாட்டுக்குப் பதில் மோட்டார் சுற்றுகிறது. மவுசு மட்டும் ஏறிவிட்டது! உடனே ஜே. சி. குமரப்பா நினைவுக்கு வந்தார்.

தஞ்சையில் பிறந்து, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். காந்தியடிகள் 1934-இல் வார்தாவில் அமைத்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசி. அவரையாவது சிலர் அறிவார்கள். அங்கே மகன்வாடியில் செக்கோடு மல்லாடிய ஜவேர்பாய் படேலை யார் அறிவார்? ஆலை எண்ணெயோடு செக்கு போட்டியிட வேண்டுமானால் மாடு சிரமப்படக் கூடாது, பிண்ணாக்கில் எண்ணெய் தங்கக் கூடாது. மனிதர் அதற்காகவே செக்கைத் திருத்தினார். எண்ணெய் எடுப்பது பற்றி நூலும் எழுதினார். குமரப்பா எழுத்தில் வாதாடியதை இவர் பிண்ணாக்கைப் பிசைந்து பார்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. எது கடினம், நீங்களே சொல்லுங்கள்!

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. 1940-இல் மதுரைச் சீமையின் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தை நிறுவிய வெங்கடாசலபதி. உடல் தளர்ந்த குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது அங்கேதான்; 1960 ஜனவரி 30-இல் காலமானார்.

எண்ணெயை வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் ஜவேர்பாய் பெயரைச் சொன்னேன்.

"அது எந்தக் கம்பெனி எண்ணெய்ங்க?" என்றார்.