நீங்க எந்தக் கட்சி? 'எதுவும் இல்லை' என்றால் உங்களுக்கு அரசியலே இல்லையா?

தேர்தல் நெருங்கினால் போதும். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் டீக்கடையிலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலும் சரி, ஒரே கேள்விதான்: "தம்பி, நீங்க எந்தக் கட்சி?" பதில் சொல்லாமல் நின்றால் "ஓ, நோட்டாவா?" என்று சிரிப்பார்கள். கட்சிப் பெயர் சொல்லாதவருக்கு அரசியல் தெரியாது என்பது நம்ம ஊர்க் கணக்கு. அந்தக் கணக்கு சரியா? சட்டமும் இந்த இரண்டு ஊர்களின் தேர்தல் வரலாறும் என்ன சொல்கின்றன?

வாக்காளருக்குக் கட்சி உண்டா?

கிடையாது. வாக்காளர் பட்டியலில் சேர நிரப்பும் படிவம் 6-ல் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்பார்கள். எந்தக் கட்சி என்று கேட்கமாட்டார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே கட்சியையும் குறிப்பிடலாம். இந்தியாவில் அப்படி ஒரு கட்டமே இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று உங்களைச் சொல்ல வைக்க நீதிமன்றத்தால்கூட முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 94-வது பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அதாவது கட்சி என்பது வேட்பாளருக்கு ஒட்டும் லேபிள்.

ஒரு சின்ன விஷயம். 'கட்சி' என்ற சொல்லை நீதிமன்றத்திலும் கேட்கலாம். வக்கீல்கள் "என் கட்சிக்காரர்" என்று சொல்வது தன்னிடம் வழக்கைக் கொடுத்தவரை. வழக்கு முடிந்தால் அந்த உறவும் முடிந்துவிடும். அரசியலில் மட்டும் கட்சிக்காரர் என்றால் ஆயுசுக்கும் கட்சிக்காரர்!

அப்புறம் இந்த ஒட்டுதல் எங்கிருந்து வருது? பெரும்பாலும் வீட்டிலிருந்து. "எங்க வீடு ரெட்டை இலை வீடு", "தாத்தா காலத்துல இருந்து உதயசூரியன்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1960-ல் வெளிவந்த 'தி அமெரிக்கன் வோட்டர்' என்ற ஆய்வு நூலும் இதையே சொன்னது: கட்சிப் பற்று பெரும்பாலும் குடும்பத்தில் இருந்து தொற்றிக்கொள்வது, கொள்கைகளை ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கும் முடிவு அல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு முறை செய்தது

இனி உள்ளூர் வரலாற்றுக்கு வருவோம். ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வர். சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி, பக்கத்து ஊர்க்காரர், பதவியில் இருக்கும் முதல்வர். இத்தனையும் இருந்தும் 1952 பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றார். அந்தத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. சுயேச்சைகள் மட்டும் 62 பேர் ஜெயித்தார்கள். கட்சி லேபிள் இன்று இருக்கும் அளவுக்கு இறுகாத காலம் அது.

இறுகிய பிறகும் அதே தொகுதி ஒரு வேலை செய்தது. 1977, 1980, 1984 என மூன்று முறை அதிமுக சார்பில் அங்கே ஜெயித்தவர் இரா. தாமரைக்கனி. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் நடந்த 1991 தேர்தலில் அதிமுக–காங்கிரஸ் கூட்டணி 234-ல் 225 இடங்களை அள்ளியது. அந்த அலையிலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயித்தது சுயேச்சையாக நின்ற தாமரைக்கனி. 1996-ல் அலை திரும்பியது. ஜெயலலிதாவே பர்கூரில் தோற்ற அந்தத் தேர்தலில் அதிமுகவுக்கு மிஞ்சியது 4 இடங்கள். அதில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர். ஜெயித்தவர் மீண்டும் அதிமுக வேட்பாளராக நின்ற தாமரைக்கனி!

கட்சி ஜெயிக்கும்போது கட்சிக்கு எதிராக, கட்சி தோற்கும்போது கட்சியோடு. லேபிளைப் பார்த்துப் போட்ட ஓட்டு இல்லை இது. ஆளைப் பார்த்துப் போட்ட ஓட்டு.

அப்போ ஆளைப் பார்த்துப் போட்டால் சரியா?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும். 'சுயேச்சை' என்பது சுய இச்சை, தன் விருப்பம். அழகான சொல். ஆனால் சுயேச்சையாக ஜெயித்தவர்களில் பலர் கட்சி அரசியலிலேயே வளர்ந்தவர்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் டி.டி.வி. தினகரன் ஜெயித்ததும் சுயேச்சையாகத்தான். அதைக் கட்சி சாராத அரசியல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதோடு, கட்சி லேபிளைக் கிழித்துவிட்டால் அடியில் வெறும் காகிதம் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பல இடங்களில் சாதி லேபிள் இருக்கும். ஊராட்சித் தேர்தலைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. 2019 டிசம்பரில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களின் கிராமங்களில் ஒரு வாக்காளருக்கு 4 ஓட்டு. தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் பூட்டு சாவி மாதிரியான சின்னங்கள். ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டிலும் மாவட்டக் கவுன்சிலருக்கான மஞ்சள் சீட்டிலும் கட்சிச் சின்னங்கள். ஒரே நாளில், ஒரே பூத்தில், கட்சியோடும் கட்சி இல்லாமலும் ஓட்டு. கட்சி இல்லாத சீட்டில் சொந்தபந்தமும் தெருக்கணக்கும் வந்து உட்கார்ந்துகொள்வது கிராமத்தில் இருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, கட்சி வேண்டாம் என்பது பாதிப் பதில்தான். அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்பதுதான் மீதி.

பெரியார் வைத்தது கொள்கையை. 1944-ல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. அது தேர்தலில் நிற்பதில்லை. கொள்கைக்கு யார் உதவுவார்கள் என்று பார்த்து ஆதரவு மாறியது. 1967 தேர்தலில் அவர் ஆதரித்தது காமராஜரின் காங்கிரஸை. அண்ணா முதல்வரான பிறகு அந்த ஆட்சியையும் ஆதரித்தார். அவருக்கு அரசியல் இல்லை என்று யாராவது சொல்லமுடியுமா?

உங்க பட்டியலை நீங்களே போடலாம்

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு விசைத்தறித் தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூலி விஷயத்தில் அவர் செங்கொடி பக்கம். கோயில் விஷயத்தில் வேறு பக்கம். மொழி விஷயத்தில் திராவிட இயக்கத்தின் பக்கம். இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கும் கட்சி எதுவும் இல்லை. இதைக் குழப்பம் என்பார்கள். உண்மையில் அவர் யோசிக்கிறார் என்றுதான் அர்த்தம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வேண்டும், தோப்புக்குள் யானை வரவும் கூடாது என்று அவர் நினைத்தால் எந்தக் கொடியைப் பிடிப்பது?

முதலில் பிரச்சனைகளை எழுதுங்கள். அப்புறம் எந்த வேட்பாளர் எதில் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். வேட்பாளர்களின் வழக்கு, சொத்து விவரம் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சட்டமன்றத்துக்கு ஒருவர், மக்களவைக்கு வேறொருவர் என்று பிரித்துப் போடுவதும் தப்பில்லை. இந்த இரண்டு ஊர்களும் விருதுநகர் மாவட்டத்தில் இருந்தாலும் எம்.பி. தொகுதி தென்காசி. 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் ராஜபாளையம் திமுகவையும், அடுத்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் அதிமுகவையும் தேர்ந்தெடுத்தன.

நோட்டா? 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. உங்கள் கோபம் பதிவாகும், அவ்வளவுதான். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்ததாகவே அறிவிக்கப்படும்.

நீங்களே நிற்க நினைத்தால்? அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர்களுக்கு 5,000. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் களத்தில் இருந்தபோது இது வெறும் 250 ரூபாய். இன்னொன்று: சுயேச்சையாக ஜெயித்த எம்.எல்.ஏ. பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவி போகும்.

தேர்தல் வரை காத்திருக்காமல் கட்சி பெயர் சொல்லாமல் பேச ஒரு இடம் உண்டு: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாள். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.