வகைக்கெழுச் சமன்பாடு: சாத்தனூர் மதகிலிருந்து காவலூர் வானம் வரை

ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. அது எந்த வேகத்தில் கூடுகிறது அல்லது குறைகிறது என்பது மட்டும் தெரியும். அந்த வேகத்தைக் கொண்டு இருப்பைக் கண்டுபிடிக்க உதவுவது வகைக்கெழுச் சமன்பாடு. பள்ளிக் கணிதத்தில் வரும் சாதாரணச் சமன்பாட்டுக்கு விடை ஓர் எண். இதற்கு விடை ஒரு சார்பு. அதாவது, நேரம் நகர நகர அந்த அளவு எப்படி மாறிக்கொண்டே போகும் என்பதற்கான முழு வரலாறு. அந்த வரலாற்றை எழுத வேகம் மட்டும் போதாது. தொடங்கும்போது கையிருப்பு என்ன என்பதும் தெரிந்தாக வேண்டும். கல்லூரி வகுப்பில் தொடக்க நிபந்தனை என்று கடைசி வரியில் வந்து போகும் இந்த விஷயம்தான், வகுப்புக்கு வெளியே பல நேரம் முதல் வரி.

இதைச் சொல்ல செங்கம் நல்ல இடம். திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்கே, ஜவ்வாது மலையின் தென் அடிவாரத்தில் கிருஷ்ணகிரி சாலையில் இருக்கும் ஊர் இது. மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இதுவே என்பார்கள். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அதன் குறுக்கே பக்கத்திலேயே குப்பநத்தம் அணை. தெற்கே தென்பெண்ணையில் சாத்தனூர் அணை. வடக்கே, நேர்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி, மலைமேல் காவலூர் வானாய்வகம். பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கும் சமன்பாடுகள் இங்கே அணையாகவும் தொலைநோக்கியாகவும் நிற்கின்றன.

தமிழ்நாட்டு மாணவர் இந்தப் பாடத்தை முதலில் சந்திப்பது பிளஸ் டூவில். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் பத்தாவது அத்தியாயம், ‘சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள்’. வரிசை, படி ஆகியவற்றில் தொடங்கும். சமன்பாட்டில் வரும் மிக உயர்ந்த வகைக்கெழு எத்தனையாவது என்பது வரிசை. அந்த வகைக்கெழுவின் அடுக்கு, படி. வகைக்கெழு சைனுக்குள்ளோ மடக்கைக்குள்ளோ மாட்டிக்கொண்டால் படி என்பதே கிடையாது. ஒரு மதிப்பெண் வினாவில் மாணவரைக் கவிழ்க்க இதைவிட வசதியான பொறி இல்லை.

அதே அத்தியாயத்தில் ஒரு கொலை வழக்கு வருகிறது. இரவு 8 மணிக்குப் பிணத்தைக் கண்டெடுக்கும் துப்பறிவாளர் உடலின் வெப்பநிலையை அளக்கிறார்: 70 டிகிரி ஃபாரன்ஹீட். இரண்டு மணி நேரம் கழித்து 60. அறையின் வெப்பநிலை 50. உயிரோடு இருந்தபோது உடல் வெப்பம் 98.6. இறந்த நேரம் எது?

நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, உடல் குளிரும் வேகம் உடலுக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்துக்கு நேர் விகிதம். 8 மணிக்கு வித்தியாசம் 20, 10 மணிக்கு 10. ஆக, வித்தியாசம் பாதியாக இரண்டு மணி நேரம் ஆகிறது. இறந்த கணத்தில் வித்தியாசம் 48.6. அது 20 ஆகக் குறைய எவ்வளவு நேரம் என்று மடக்கை போட்டால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் வரும். ஆள் இறந்தது மாலை ஏறக்குறைய 5.26 மணிக்கு. அறை 50 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் 10 டிகிரி செல்சியஸ். செங்கத்து வீட்டில் எந்த மார்கழியிலும் காணக் கிடைக்காத குளிர் அது. கணக்கு எங்கிருந்தோ குளிர்நாட்டிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது என்பது தெரிகிறது. ஆனாலும் இது நல்ல கணக்கு. சமன்பாட்டை முன்னோக்கி மட்டுமல்ல, பின்னோக்கியும் ஓட்டலாம் என்பதை வேறு எந்தக் கணக்கும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டுவதில்லை.

பிளஸ் டூ முடித்துக் கணிதம் எடுப்பவர்களுக்கு இந்த வட்டாரத்தில் நெடுங்காலமாகத் திருவண்ணாமலைதான் போக்கிடம். 1966இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி அங்கே இருக்கிறது. இப்போது அது கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி. வேலூரை அடுத்த சேர்க்காட்டில் இயங்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மலைமேல் ஜமுனாமரத்தூரிலும் இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரி உண்டு. பி.எஸ்சி. கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தாளுக்குத் தலைமுறைகளாகக் கைகொடுத்து வரும் புத்தகம் எஸ். நாராயணனும் டி. கே. மாணிக்கவாசகம் பிள்ளையும் சேர்ந்து எழுதியது, சென்னை எஸ். விசுவநாதன் வெளியீடு. தமிழ்நாட்டில் கணிதம் படித்தவர் வீட்டுப் பரணில் தேடினால் அட்டை கிழிந்த பிரதி ஒன்றாவது அகப்படும்.

அந்தப் பாடம் பெரும்பாலும் வகை பிரிக்கும் பாடம். மாறிகளைப் பிரிக்க முடிந்தால் ஒரு வழி. சமபடித்தானது என்றால் வேறு வழி. நேரியல் என்றால் தொகையீட்டுக் காரணியால் பெருக்கு. இரண்டாம் வரிசைக்கு வந்தால் முதலில் நிரப்புச் சார்பு, பிறகு சிறப்புத் தொகை. மாணவர் பேச்சில் சி.எஃப்., பி.ஐ. என்பவை இவைதாம். துணைச் சமன்பாட்டின் மூலங்களைக் கண்டு சி.எஃப்.ஐ எழுதிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்பது தேர்வறைக் கணிப்பு. எந்த வகை என்று கண்டுகொண்டால் விடை தானே வரும். கண்டுகொள்வதற்கும் பழைய வினாத்தாள்கள் உதவும். ஆனால் ஒரு நிகழ்விலிருந்து சமன்பாட்டை எழுதச் சொல்லும் வினா அபூர்வம். இதுதான் இந்தப் பாடத்தின் உண்மையான குறை. கடினம் என்று மாணவர்கள் சொல்லும் குறை அல்ல.

இந்த வகைகளில் ஒன்றுக்குக் கிளைரோ சமன்பாடு என்று பெயர். மாணவர்களுக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் தொகையிடவே வேண்டாம்: சாய்வு இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு மாறிலியைப் போட்டால் பொதுத் தீர்வு தயார். பெயருக்குரிய அலெக்சிசு கிளைரோ 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர். அவர் இதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். ஹாலி வால்மீன் திரும்பி வரும் என்று எட்மண்ட் ஹாலி சொல்லியிருந்தார். எந்த மாதம் என்று சொல்லவில்லை. வியாழனும் சனியும் வழியில் வால்மீனை இழுத்துத் தாமதப்படுத்தும். அந்த இழுப்பைக் கணக்கில் எடுத்தால் சமன்பாட்டுக்கு நேரடித் தீர்வு கிடையாது. கிளைரோவும், ஜெரோம் லாலந்தும், நிக்கோல்-ரேன் லெபோத் என்ற பெண்மணியும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே படிப்படியாகக் கணக்கிட்டார்கள். 1759 ஏப்ரல் நடுவில் வால்மீன் சூரியனுக்கு மிக அருகே வரும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று கிளைரோ அறிவித்தார். அது வந்தது மார்ச் 13இல்.

அதே வால்மீன் 1986 பிப்ரவரி 9இல் மீண்டும் சூரியனை நெருங்கியபோது, காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜனவரி 6இல் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து, வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஆய்வகம். 1972இல் நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கியும் இங்கேதான். 1977 மார்ச் 10இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளுக்கு வளையம் உண்டு என்பதற்கான தடயம் பதிவான இடங்களில் இதுவும் ஒன்று.

காவலூரில் 1988 பிப்ரவரி 17இல் ஆர். ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இன்று அது 4130 ராமானுஜன். புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது. அதன் பாதையைச் சொல்ல வேண்டும். சூரியனின் ஈர்ப்பில் சுற்றும் எதற்கும் இரண்டாம் வரிசைச் சமன்பாடு மூன்று உண்டு, திசைக்கு ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாறிலிகள்: தொடக்க இடம், தொடக்க வேகம். ஆக, ஆறு எண்கள் தேவை. தொலைநோக்கிப் படம் ஒன்று இரண்டு கோணங்களை மட்டுமே தரும், தூரத்தைத் தராது. எனவே குறைந்தது மூன்று இரவுகளின் படங்கள் வேண்டும், மூவிரண்டு ஆறு. 1801 ஜனவரி முதல் நாள் பியாட்சி கண்டுபிடித்த செரஸ் என்ற குறுங்கோள், சில வாரங்களில் சூரிய வெளிச்சத்தில் மறைந்தபோது, காஸ் என்ற இளைஞர் இந்த வழியில்தான் பாதையைக் கணித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 31இல் அவர் சொன்ன இடத்துக்கருகே செரஸ் மீண்டும் அகப்பட்டது. இரண்டாம் வரிசை என்றால் இரண்டு மாறிலி என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற வரிக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

மலையிலிருந்து கீழே இறங்கினால் கணக்கு இன்னும் அவசரமாகிறது. 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. எந்த அணைக்கும் அடிப்படைச் சமன்பாடு ஒன்றே: இருப்பு மாறும் வேகம் என்பது உள்வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தது. இது முதல் வரிசை. பார்க்க எளிது. சிக்கல் என்னவென்றால், உள்வரத்தை நேரடியாக முழுமையாக அளக்க முடியாது. ஆறு, ஓடை, அணைமேலேயே விழும் மழை என்று அது பல வழியில் வரும். அதனால் அணைக்காரர்கள் சமன்பாட்டைத் திருப்பிப் போடுகிறார்கள். அளவுகோலில் நீர்மட்டத்தைப் படித்து, கொள்ளளவு அட்டவணையில் அந்த மட்டத்துக்குரிய இருப்பைப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் இருப்பு 36 மில்லியன் கன அடி கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3,600 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 10,000 கன அடி. அந்நேரம் மதகில் 5,000 கன அடி போய்க்கொண்டிருந்தால், உள்வரத்து 15,000. ‘நீர்வரத்து’ என்று மறுநாள் நாளிதழில் வரும் எண்ணுக்குப் பின்னால் இருப்பது இப்படிப்பட்ட வகைக்கெழுக் கணக்குதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்தபின்னும் உள்நாட்டில் கொட்டித் தீர்த்தது. செங்கத்துக்கு மேற்கே, சாத்தனூருக்கு நீர் தரும் பகுதியில் உள்ள ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அணை ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பியிருந்தது. அன்று அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்கள் மூழ்கின. முன்னறிவிப்பு உரிய நேரத்தில் கிடைத்ததா என்பது பெரிய அரசியல் சர்ச்சையானது; எச்சரிக்கைகள் கொடுக்கப்பட்டன என்றது அரசு.

திறந்துவிட்ட அந்த நீரின் அளவை ஒரு வகுத்தலில் புரிந்துகொள்ளலாம். 7,321 மில்லியனை 1.68 லட்சத்தால் வகுத்தால் சுமார் 43,600 விநாடி. அந்த வேகத்தில் வரும் நீர் முழு அணையையும் வெறும் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பிவிடும். அணை காலியாக இருந்திருந்தால் அரை நாள் அவகாசம். நிரம்பியிருந்தால் அவகாசமே இல்லை. சமன்பாடு இரண்டுக்கும் ஒன்றுதான், மாறியது தொடக்க நிபந்தனை. குப்பநத்தம் இதைவிட மிகச் சிறியது. கொள்ளளவு சுமார் 700 மில்லியன் கன அடி. விநாடிக்கு 10,000 கன அடி வந்தால் இருபது மணி நேரம்கூடத் தாங்காது.

வெள்ள நேரத்தில் வெளியேற்றமும் ஒரே அளவாக இருக்காது. கலிங்கு வழியாகத் தானாக வழியும் நீரின் அளவு, கலிங்கின் மேல் நிற்கும் நீரின் உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்பக் கூடும். அதைச் சமன்பாட்டில் போட்டால் நேரியல் தன்மை போய்விடும், சி.எஃப்., பி.ஐ. எதுவும் உதவாது. இருந்தும் தீர்க்காமலே ஒன்றைச் சொல்லிவிடலாம். உள்வரத்தும் வெளியேற்றமும் சமமாகும் கணத்தில் இருப்பின் வகைக்கெழு சுழி. நீர்மட்டம் உச்சத்தைத் தொடுவது அப்போதுதான். வெள்ளத்தின் உச்சம் வந்து சேர்ந்தபோது அல்ல, அதற்குப் பிறகு.

நேரடித் தீர்வு இல்லாத சமன்பாட்டோடு மோதிப் புகழ்பெற்றவர்களில் ஒருவர் சென்னைக்காரர். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்த எஸ். சந்திரசேகர், 1930இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பயணத்தில் வெண்குறு விண்மீன்களைப் பற்றிப் போட்ட கணக்கு, அவற்றின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று காட்டியது. இன்றைய மதிப்பு சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்கு. இந்த வரம்பு லேன்–எம்டன் சமன்பாட்டோடு தொடர்புடையது. 19ஆம் நூற்றாண்டில் ஹோமர் லேன் தொடங்கி, 1907இல் ராபர்ட் எம்டன் விரிவாக எழுதிய இரண்டாம் வரிசைச் சமன்பாடு அது. அதில் வரும் குறியெண் 0, 1, 5 என்றால் அழகான தீர்வு எழுதலாம். சந்திரசேகருக்கு வேண்டியிருந்தது 3. அதற்குச் சூத்திரம் கிடையாது. எண்களால் படிப்படியாக நகர்ந்துதான் விடை காண வேண்டும். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

படிப்படியாக நகரும் இந்த வழியை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இப்போதைய வேகம் அடுத்த சிறு இடைவெளி முழுவதும் நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு ஓர் அடி முன்னே போவது. போன இடத்தில் வேகத்தை மறுபடி கணக்கிடுவது. அடி பெரிதானால் பிழையும் பெரிதாகும். 1895இல் கார்ல் ரூங்கேயும் 1901இல் வில்ஹெல்ம் குட்டாவும் ஓர் அடிக்குள்ளேயே வேகத்தைப் பல இடங்களில் பார்த்துச் சராசரி எடுக்கும் முறையைக் கொடுத்தார்கள். நான்காம் வரிசை ரூங்கே–குட்டா முறையில் ஓர் அடிக்கு நான்கு முறை வேகம் பார்க்க வேண்டும். தேர்வில் கால்குலேட்டரைத் தட்டி ஓர் அடி அல்லது இரண்டு அடி போகச் சொல்வார்கள், அவ்வளவுதான். பல கல்லூரிகளில் இது வகைக்கெழுச் சமன்பாட்டுத் தாளில் வருவதில்லை. எண்சார் முறைகள் என்ற வேறு தாளில், வேறு செமஸ்டரில் வருகிறது. வகை பிரித்துத் தீர்க்கக் கற்ற மாணவர், பிரிக்க முடியாததைத் தீர்க்கும் முறையைச் சந்திக்கும்போது முதல் தாளின் நோட்டு பெரும்பாலும் ஜூனியர் ஒருவர் கைக்குப் போயிருக்கும்.