தம்பி பேரில் எடுத்த புத்தகங்கள்

லயன் காமிக்ஸின் முதல் இதழ் 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து வந்தது: 'கத்தி முனையில் மாடஸ்டி'. பீட்டர் ஓடோனல் 1963இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காகப் படைத்த மாடஸ்டி பிளைசிதான் நாயகி. தமிழ் வாசகர்களுக்கு அவள் இளவரசி. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி என்ற ஆண் நாயகனோடு தொடங்கியது. லயனோ ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தித் தொடங்கியது. அது எனக்கு இன்றும் பெருமை.

ஆனால் அந்தப் பெண்ணின் கதை ஒரு பெண்ணின் கைக்கு வருவது எங்கள் ஊரில் லேசில்லை.

திண்டிவனத்தில் எங்கள் தெருமுனை வாடகை நூலகத்தில், மூன்று நான்கு இதழ்களைச் சேர்த்துத் தைத்துப் பழுப்பு அட்டை போட்டிருப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஊதா மை முத்திரை. முதல் தாளும் கடைசித் தாளும் அநேகமாக இருக்காது. நாள் வாடகை நாலணா. காமிக்ஸ் அடுக்குக்கு எதிரே பெஞ்சில் பையன்கள். நான் கை நீட்டினால் கடைக்காரர், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா சண்டை புக்கு?" என்று ரமணிசந்திரனின் காதல் நாவல் அடுக்கைக் காட்டுவார். பெஞ்சிலிருந்து ஒருவன், "மாயாவி எப்படி மறைவான், சொல்லு பாப்போம்" என்பான். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர உடம்பெல்லாம் மறையும் என்றேன். "அண்ணன் சொல்லிக் குடுத்திருப்பான்" என்றான். எனக்கு அண்ணனே கிடையாது.

பிறகு தம்பியை அனுப்பினேன். நோட்டில் அவன் பெயர்தான் ஏறியது. அவன் படித்ததே இல்லை. விழுப்புரத்தில் பெரியம்மா மகளுக்கும் இதே கதை. ஜங்ஷனில் வேலை பார்த்த பெரியப்பா ரயில் நிலையக் கடையில் மகனுக்கென்று வாங்கி வருவார். அவள் அதை வார இதழுக்குள் மறைத்துவைத்துப் படிப்பாள்.

டிவி வந்ததும் வாடகை நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடின. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. 2012 தொடக்கத்தில் லயன் மீண்டு வந்தபோது சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனேன். நரைத்த ஆண்கள் கூடி நின்று பால்யத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒருவர் கேட்டார்: "பையனுக்கா வாங்குறீங்க?"

தமிழ்க் காமிக்ஸ் வாசிப்பின் வரலாறு இப்போது ஆண்களின் நினைவுகளாகவே எழுதப்படுகிறது. வாடகை நோட்டுகளை நம்பினால் அதுதான் உண்மையென்று தோன்றும். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அன்று காமிக்ஸ் படித்த பெண்களே, எந்தக் கடையில், யார் பேரில் எடுத்தீர்கள் என்பதை உங்கள் பெயரிலேயே எழுதி வையுங்கள்.