வண்டிப் பட்டை சொல்லும் பாடம்



தேவதானம் பக்கம் ஒரு கிணற்றில் பம்பு நின்றுபோனது. நெல் பொதி கட்டும் நேரம். இறுகிய பேரிங்கை உளியும் சம்மட்டியும் வைத்து அடித்தார்கள். பேரிங் வந்தது, ஆனால் ஷாப்டும் சேதமாகிவிட்டது. நாலு நாள் தண்ணீர் இல்லை, பயிர் வாடிப்போச்சு.

இறுகியதைக் கழற்றும் வித்தை நமக்குப் புதுசா? கோடையில் வண்டிச் சக்கரத்து மரம் காய்ந்து சுருங்கும். இரும்புப் பட்டை கழன்று ஆடும். நம் கொல்லர் என்ன செய்வார்? பட்டையில் கொஞ்சம் வெட்டி, பற்றவைத்து, எருவாட்டி நெருப்பில் காய்ச்சி, வட்டையின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார். 14 அடிச் சுற்றளவுள்ள பட்டை, 400 டிகிரி சூடேறினால் முக்கால் அங்குலம் நீளும். ஆறியதும் சுருங்கி, ஆரக்கால், குடம் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும். ஐரோப்பாவில் கெல்ட்டிய மக்களும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இதைச் செய்தார்கள்.

இதன் காரணத்தைக் குண்டும் வளையமும் வைத்துக் காட்டியவர் ஹாலந்து விஞ்ஞானி கிராவசாண்டே (1688–1742). குண்டு சூடானால் வளையத்தில் நுழையாது. வளையத்தையும் சூடாக்கினால் நுழையும். ஆக, இரும்பு சூடானால் அதன் துளையும் பெரிதாகும்.

1932-ல் பைகாரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நீர்மின்சாரம் வந்தது. மெல்ல மெல்லக் கமலை போய், கிணற்றுக்கு மோட்டார் வந்தது. வண்டி போனாலும் பட்டையின் பாடம் போகவில்லை.

முதலில் மின்சாரத்தை நிறுத்தி, பியூஸ் கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுமுன் பாகம் இருந்த இடத்தை ஷாப்டில் கோடு போட்டுக் குறியுங்கள். புல்லரை பேரிங்கின் உள்வளையத்தில் மாட்டி, நேராக, மெதுவாக இழுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் உள்ளே குண்டுகள் பள்ளம் விழுந்து கெடும்.

புது பேரிங்கைச் சுத்தமான எண்ணெயில் 80, 90 டிகிரி வரை சூடாக்கி மாட்டலாம். நேரடியாக நெருப்பு காட்டக் கூடாது. 25 மில்லிமீட்டர் துளை, முடியின் கனத்தில் கால் பங்குதான் விரியும், அதுவே போதும். போட்ட கோட்டுக்கு நேராகத் தள்ளி, ஆறும்வரை பிடியுங்கள். கையில் தடித்த துணி கட்டாயம்.

சம்மட்டியை எடுக்குமுன் கொல்லுப் பட்டறையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பம்பும் பிழைக்கும், பயிரும் பிழைக்கும்.