கிண்கிணி என்னும் சொல்

கிண்கிணி, குழந்தையர் காலில் அணிவிக்கும் சிறுமணிக் கோவை. 'கிண்' என்னும் ஓசையே அதற்குப் பெயராயிற்று. வடமொழியிலும் 'கிங்கிணீ' உண்டு. யார் யாரிடம் பெற்றனர் என்னும் வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. ஒலிக்குறிப்பு எம்மொழியார் செவிக்கும் பொதுவன்றோ!

கவிஞர்க்கு உவப்பானது இச்சொல் நடந்த வழியே. குறுந்தொகை 148ஆம் பாட்டில், செல்வர் வீட்டுச் சிறார் அணிந்த பொற்கிண்கிணியின் வாய்க்குத் தவளையின் வாய் உவமையாகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, நம் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், திருப்பாவை 22ஆம் பாசுரத்தில் பாதி விரிந்த தாமரைக்கே கிண்கிணி வாயை உவமையாக்குகிறாள். தவளையை நாடி நின்ற பொருள், தாமரையை அளக்கும் பொருளாக உயர்ந்துவிட்டது! வடிவும் அங்கே 'கிங்கிணி' என நிற்கிறது.

புறநானூறு 77இல் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைக் கிண்கிணி கழற்றிய காலிலேயே வீரக்கழல் பூண்டவனாகக் காட்டுகிறார். கிண்கிணி நீங்கியதும் தொழில் தொடங்குகிறது. அவனுக்கு அது போர். சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆலைகளிலோ, பிள்ளைகள் தீக்குச்சி அடுக்கிய காலம் ஒன்று இருந்தது. பதினான்கு வயது நிரம்பாதோரை இத்தொழிலில் அமர்த்தலாகாது என்றது 1986ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்னர் அப்பிள்ளைகளுக்குக் கிண்கிணிப் பருவத்திற்கும் ஆலைக்கும் இடையே வாய்த்தவை சில ஆண்டுகளே.